பதிவில் ஏறாத தாள்

ஒரே வீட்டுக்கு எப்படி இரண்டு விதமான சொந்தம் இருக்க முடியும் என்பதை பிலோமினா தன் அப்பாவுக்குச் சமையலறை மேஜையில் வைத்து விளக்கினாள். பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து, வெளியே ஒட்டும் தாளில் தன் பெயரை எழுதி ஒட்டினாள். உள்ளே ஒரு மடித்த சீட்டைப் போட்டு மூடினாள்.

"இதோ பாருங்க அப்பா. டப்பா மேல என் பேர் இருக்கு. பதிவு ஆபீஸ்ல யார் போய்த் தேடினாலும் இந்தப் பேர்தான் தெரியும். உள்ள இருக்கிற சீட்டு யார் கண்ணுக்கும் படாது. அதுல உங்க பேர். இதுதான் டிரஸ்ட்."

லவுதலீனோ அருடாவுக்கு அப்போது எண்பத்தொரு வயது. அமெரிக்காவின் பால்ரிவர் நகரத்துத் துணி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதற்குள், மரத்தாலான ஒரு மூன்றடுக்கு வீட்டை வாங்கி, அதன் கடனையும் கட்டி முடித்திருந்தவர். கீழ்த்தளத்தில் அவரும் மகளும் இருந்தார்கள். மேலே இரண்டு குடித்தனங்கள். போர்ச்சுகலின் அஸோர்ஸ் தீவுகளிலிருந்து வந்து நாற்பது வருஷமாகியும் ஆங்கிலத்தில் எழுதிய எந்தத் தாளையும் அவர் கண்ணாடி போடாமல்தான் பார்ப்பார். கண்ணாடி போட்டாலும் படிக்கப்போவதில்லை என்பது அவருக்கே தெரியும்.

"இன்னொண்ணு சொன்னாரே வக்கீல் கார்னி. அது என்ன?"

"எல்.எல்.சி. அது கம்பெனி மாதிரி. வீடு கம்பெனியோடது. நாம கம்பெனியில பங்குதாரர்."

"அதுக்கு வருஷாவருஷம் ஐநூறு டாலர் கட்டணும்னாரு."

"ஆமா. மாநிலத்துக்கு."

"மாநிலம் வந்து கூரைக்குத் தார் பூசுமா?"

பிலோமினா சிரித்துவிட்டாள்.

இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த வேறுபாட்டை வக்கீல் ப்ரெண்டன் கார்னி முந்தின நாள் நன்றாகவே சொல்லியிருந்தார். டிரஸ்ட் என்பது வீடு யாருக்குப் போகும், எப்படிப் போகும் என்ற கேள்விக்குப் பதில். எல்.எல்.சி. என்பது வீட்டால் வம்பு வந்தால் யார் தலையில் விழும் என்ற கேள்விக்குப் பதில். மூன்றாம் தளத்துக்குப் போகும் பின்பக்க மரப்படி நாற்பது வருஷப் பழசு. அதில் ஒருவர் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால், கம்பெனியாக இருந்தால் கம்பெனியின் சொத்தோடு விஷயம் நின்றுவிடும், வங்கியில் இருக்கும் சேமிப்பைத் தொட முடியாது. அவர்கள் ஊரில் வழக்கமாகப் போடும் டிரஸ்டுக்கு அந்தத் தடுப்புச் சுவர் கிடையாது.

"என்னைக் கேட்டா எல்.எல்.சி. போடுங்க," என்று கார்னி சொன்னார். "படியைப் பாத்தேன்."

ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. பிலோமினாவுக்கு அது நன்றாகத் தெரியும். அவள் வேலையே பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் பார்ப்பது. ஒருவர் வீடு வாங்கப் போகிறார் என்றால், வாங்குபவரின் வக்கீல் அவளைக் கூப்பிடுவார். அவள் ஐம்பது வருஷம் பின்னோக்கிப் போய், யார் யாருக்கு விற்றார்கள், இடையில் யாருடைய கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, எந்த அடமானம் தீர்க்கப்படாமல் கிடக்கிறது என்றெல்லாம் பார்த்துச் சொல்வாள். அந்தப் புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் தெருப்பெயர் வைத்த டிரஸ்டுகள். ஐநூறு டாலரை மிச்சம் பிடிப்பதற்காக ஊர் முழுக்க அதையே செய்திருந்தது. டிரஸ்ட் பத்திரம் பதிவாகும். வீட்டைத் தன் பெயரில் தாங்கும் டிரஸ்டி யார் என்பது பதிவாகும். வீடு உண்மையில் யாருக்கு உரியதோ அந்தப் பயனாளி யார் என்ற பட்டியல் மட்டும் பதிவாகாது. அது ஒற்றைத் தாள். யாரோ ஒருவர் வீட்டு மேஜை இழுப்பறைக்குள் கிடக்கும்.

அவளுக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும். ஒரு நல்ல பூட்டின் உள்ளே சுழலும் பற்களைப் பார்ப்பதுபோல அதைப் பார்ப்பாள். வெளியே ஒரு பெயர், உள்ளே ஒரு தாள். தாளை மாற்ற வேண்டுமா, புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். கட்டணம் இல்லை, வரிசையில் நிற்க வேண்டியதில்லை, அண்டை வீட்டுக்காரன் கணினியில் தேடி வம்பளக்க முடியாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள்தான் இதைச் சொல்லிக்கொடுப்பாள். சொல்லும்போது கைகள் தாமாகவே டப்பாவும் மூடியுமாக மாறிவிடும்.

"டிரஸ்டே போட்டுடு மகளே," என்றார் லவுதலீனோ. "படியில விழறவன் பாத்து விழட்டும்."

"பட்டியல்ல இப்ப உங்க பேரு. உங்க காலத்துக்குப் பிறகு எனக்குப் பாதி, ஜெர்மானோவுக்குப் பாதி. சரிதானே?"

"டப்பா மேல உன் பேரு."

"ஆமா, டிரஸ்டின்னு."

"யாரும் கேள்வி கேக்க முடியாது."

"முடியாது. வெளி உலகத்துக்கு வீடு என் பேர்ல."

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ரொட்டியைக் காப்பியில் தோய்த்தார். பிலோமினாவுக்கும் திருப்தி. எதிரில் இருப்பவர் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது, விளக்கிச் சொல்வதில் ஆசை உள்ளவர்களுக்கு வரும் பழைய வியாதி.

பத்திரத்தில் அவள் தானாகவே ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னாள். தான் எதிர்பாராமல் செத்துப்போனால் அடுத்த டிரஸ்டி தம்பி ஜெர்மானோ. அப்பா பயனாளிப் பட்டியலை மாற்றினால், புதிய தாளை டிரஸ்டியிடம் கொடுத்தாலும் சரி, அடுத்த டிரஸ்டியாகக் குறிக்கப்பட்டவரிடம் கொடுத்தாலும் சரி, செல்லும். வில்லங்கம் பார்ப்பவளுக்கே உரிய பயம் அது. டிரஸ்டி செத்து, தாள் தொலைந்து, பிள்ளைகள் பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடந்த கதைகளை அவள் புத்தகம் புத்தகமாகப் பார்த்திருக்கிறாள். ஒருவரிடம் இல்லாவிட்டால் இன்னொருவரிடம் இருக்கட்டுமே என்று நினைத்தாள்.

கார்னி மட்டும் பேனாவை நிறுத்தி, "நிச்சயமாவா?" என்று கேட்டார்.

"எதுவும் தொலையக் கூடாது," என்றாள்.

ஒன்பது வருஷம் ஓடியது. அந்தப் படியில் ஒருவரும் விழவில்லை.

அந்த ஒன்பது வருஷத்தில் பிலோமினா வீட்டைச் சூடாக்கும் கொதிகலனை ஒரு தடவை மாற்றினாள், கூரையை ஒரு தடவை மாற்றினாள். பனி பெய்த காலைகளில் நடைபாதையைச் சுரண்டினாள். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்த பிறகு, அவரைக் குளிப்பாட்ட வாரத்துக்கு நான்கு நாள் மதியமே வேலையை முடித்துக்கொண்டு வந்தாள். ரசீது, காப்புறுதி, வரி எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து. குடித்தனக்காரர்களுக்கு அவள்தான் வீட்டுக்காரி. தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். பதினைந்து மைல் தள்ளி இருந்த ஜெர்மானோ இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வந்து அப்பாவை முடிவெட்டக் கூட்டிப்போவான். திரும்பி வரும்போது அப்பா வாசனைத் தைலம் மணக்க, உற்சாகமாக இருப்பார்.

அப்படி ஒரு சனிக்கிழமை, ஆறு வருஷத்துக்கு முன்னால், கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் சொன்னார்.

"எல்லாத்தையும் நேர் பண்ணிட்டேன் மகளே. இனிமே ரெண்டு பேர்ல யாருக்கும் குறை இல்ல."

கல்லறைத் தோட்டத்தில் இடம் வாங்கியதைச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். "சரிப்பா, காலைத் தூக்குங்க," என்று சொல்லிச் செருப்பை மாட்டிவிட்டாள்.

இந்த வருஷம் பிப்ரவரியில், தொண்ணூறு வயதில், தூக்கத்திலேயே அவர் போனார். ஏப்ரலில் ஒரு வக்கீல் கடிதம் வந்தது. டிரஸ்டின் ஒரே பயனாளியான திரு. ஜெர்மானோ அருடா, டிரஸ்டியாகிய தாங்கள் மேற்படி வீட்டை இன்னாருக்கு விற்றுக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடும்படி இதன் மூலம் உத்தரவிடுகிறார். கூடவே ஒற்றைத் தாள் ஒன்றின் நகல். ‘என் காலத்துக்குப் பின் முழுதும் என் மகன் ஜெர்மானோவுக்கு.’ கீழே அப்பாவின் கோணல் கையெழுத்து, நோட்டரி முத்திரை, தேதி, ‘அடுத்த டிரஸ்டியாகக் குறிக்கப்பட்டவரிடம் நேரில் ஒப்படைக்கப்பட்டது’ என்று ஒரு வரி.

அவள் அதைத் தொழில்முறையாகவே முதலில் படித்தாள். வேறு வழியில் படிக்க அவளுக்குத் தெரியாது. சாட்சி சரி. முத்திரை சரி. தேதி சரி. ஒப்படைத்த விதமும் சரி, அவளே எழுதச் சொன்ன வரியின்படி சரி. ஒரு பழுதும் இல்லை. இரண்டாவது தடவை படித்துவிட்டு, தாளோடு கார்னியிடம் போனாள்.

கார்னிக்கு இப்போது முடி முழுக்க வெளுத்திருந்தது. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்னா?" என்று பிலோமினா கேட்டாள்.

"உனக்குத் தெரியாததா மினா. இந்த மாதிரி டிரஸ்டுல டிரஸ்டிங்கிறது வெறும் கை. தலை பயனாளி. நீ மாட்டேன்னா அவன் உன்னை நீக்கிட்டுத் தன் பேரைப் போட்டுப்பான். பத்து நிமிஷம் ஆகும். அதைப் பதிவு பண்ண வரிசையில நிக்கிற நேரம் தனி."

"அப்பா எனக்கு ஒண்ணும் இல்லாமப் பண்ணியிருக்க மாட்டார்."

"பண்ணியிருக்க மாட்டார்னு நானும் நம்பறேன். கோர்ட்டு என்னோட நம்பிக்கையைக் கேக்காது. அவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போட்டார்னு நிரூபிக்கணும். என்ன புரிஞ்சுக்கிட்டார்னு அவர் யார்கிட்டயாவது சொன்னாரா?"

"என்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"அப்ப மிச்சம் ஒரே ஒரு ஆள்தான், உன் தம்பி." கார்னி தாளைக் கீழே வைத்தார். "ரெண்டு வருஷம் இழுக்கும். அறுபதாயிரம் டாலராவது போகும். நான் பீஸைப் பாதியா வாங்கிக்கிட்டாலும் மிச்சப் பாதி இருக்கு."

அவள் எழுந்திருக்கவில்லை. அவர் சொல்ல விரும்பாத ஒன்று அவர் முகத்தில் இருந்தது.

"சொல்லிடுங்க," என்றாள்.

"எல்.எல்.சி.யா இருந்திருந்தா நீங்க மூணு பேரும் பங்குதாரரா இருந்திருப்பீங்க. மத்த பங்குதாரர் கையெழுத்து இல்லாம ஒரு பங்கும் கை மாற முடியாதுன்னு நான் எழுதற ஒவ்வொரு ஒப்பந்தத்துலயும் ஒரு வரி இருக்கும். உனக்குத் தெரியாம இது நடந்திருக்காது." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "நான் படியில விழறவனை மனசுல வச்சுத்தான் அதைச் சொன்னேன். உங்க வீட்டுக்குள்ள இருக்கிறவனை நினைக்கல."

எல்.எல்.சி. கட்டணம் ஒன்பது வருஷத்துக்கு நாலாயிரத்து ஐநூறு டாலர். ஒரு கொதிகலன் விலைகூட இல்லை.

ஜெர்மானோ அந்த வார இறுதியில் வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. கொலம்பியா தெரு ரொட்டிக்கடை வாசலில் வேனை நிறுத்தி, அங்கே வரச் சொன்னான். வேனின் பக்கவாட்டில் ‘அருடா தரை வேலை’ என்று எழுதியிருந்ததன்மேல் வேறு நிறம் பூசப்பட்டிருந்தது. அவனுடைய தொழில் போய் ஒரு வருஷமாகிவிட்டது. மனைவி போய் இரண்டு வருஷம். அவன் அவளுக்கு நான்கு வயது இளையவன், ஐம்பத்தெட்டு, கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. மடியில் ஒரு முழு இனிப்பு ரொட்டி.

"பாதி எடுத்துக்கோ," என்றான்.

"இதுலயாவது பாதி தர்றியே."

"ஆரம்பிச்சுட்டியா."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ரொட்டிக்கடைக்குள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கூட்டம் நின்றது. பாதிப் பேர் அவளுக்குத் தெரிந்தவர்கள், கண்ணாடி வழியாகக் கையசைத்தார்கள்.

"எவன் வாங்கறான்?" என்று கேட்டாள்.

"பாஸ்டன்காரன். இங்க இருந்து பாஸ்டனுக்கு ரயில் வந்ததுல இருந்து வாரத்துக்கு மூணு பேர் கூப்பிடறாங்க. இவன் ரொக்கமாத் தர்றான். படியை எல்லாம் பாக்கக்கூட இல்ல."

"நான் எங்க போவேன்?"

"முப்பத்தொரு வருஷம் வாடகை குடுக்காம இருந்திருக்க மினா. அந்தக் காசு எங்கயாவது இருக்கணுமே."

"வாடகையா. அவர் கழிச்ச துணியை அலசினதுக்கு நீ எனக்கு எவ்வளவு தரப்போற?"

"உன்னை யார் அலசச் சொன்னா? நர்ஸ் வைக்கலாம்னேன். ‘வேண்டாம், எனக்குத் தெரியும்’னு நீதான் சொன்ன. உனக்கு எல்லாம் தெரியும். சின்ன வயசுல ஷூ நாடாக் கட்டறதைக்கூட அரை மணி நேரம் சொல்லிக் குடுத்தவ நீ."

அது உண்மைதான். அவன் ரொட்டியைப் பிய்த்தான்.

"அப்பாகிட்ட நான் கேட்டது நிஜம்," என்றான் கொஞ்சம் இறங்கிய குரலில். "பதிவு ஆபீஸ் கணினியில போட்டுப் பாத்தேன், எங்க பாத்தாலும் உன் பேரு. எனக்கு என்ன வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். பாவம், கிழவர் கலங்கிட்டாரு. முடிவெட்டிக்கிட்டு வெளிய வந்து சொல்றாரு, ‘டப்பா மினாகிட்ட இருக்கு. அவ பேர்தான் மேல ஒட்டியிருக்கு, யாரும் கேள்வி கேக்க முடியாது. வீடு அவளுக்கு ஆயிடுச்சு. அதுக்கு மேல தாள்லயும் பாதி அவளுக்கு எதுக்கு? உனக்கு ஒண்ணும் இல்லாமப் போயிடுச்சு, அந்தத் தாளையாவது முழுசா நீ வச்சுக்கோ’ன்னு." அவன் சிரித்தான். சிரித்தபிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. வாயில் இருந்ததை மெல்லாமல் நிறுத்தினான்.

பிலோமினா அவன் பக்கம் திரும்பவில்லை.

ஒரு விஷயம் எப்படி வேலை செய்கிறது என்று புரிகிற கணத்தில் அவளுக்கு எப்போதும் ஒரு சின்னச் சந்தோஷம் வரும். இப்போதும் அது முதலில் வந்தது, வந்ததற்காக அவள் தன்னையே வெறுத்தாள். அப்பா எதையும் பிடுங்கவில்லை. அவர் கணக்கில் பெரியதை அவளுக்கும் சிறியதை மகனுக்கும் கொடுத்திருந்தார். மேலே ஒட்டியது வீடு, உள்ளே போட்டது வெறும் சீட்டு. அவள்தான் டப்பாவைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். வெளி உலகத்துக்கு வீடு என் பேர்ல என்று சொன்னாள். வெளி உலகம் என்ற சொல்லை அவர் கேட்டாரா, கேட்டு என்ன நினைத்தார் என்று அவள் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. திருப்பிச் சொல்லுங்கள் அப்பா, சீட்டு யாருடையதோ அவருக்குத்தானே வீடு, என்று ஒரு வார்த்தை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் தவறாமல் கேட்பாள். அப்பாவிடம் கேட்கவில்லை.

"நீ அப்ப சொல்லலையா, தாள்தான் வீடுன்னு?"

"எனக்கு அப்ப எங்க தெரியும்? நான் என்ன வில்லங்கம் பாக்கிறவனா? நானும் ஏதோ ஆறுதலுக்குத் தர்றாருன்னுதான் வாங்கி வச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு, கடைக்குக் கடன் கேக்கப் போனப்ப ஒரு வக்கீல்கிட்டக் காட்டினேன். அவன்தான் சொன்னான்."

"ரெண்டு வருஷம் கழிச்சு."

"ஆமா."

"அப்ப அப்பா உயிரோட இருந்தார்."

ஜெர்மானோ முன்கண்ணாடியைப் பார்த்தான். "இருந்தார்," என்றான். கொஞ்சம் பொறுத்து, "நாலு வருஷம் இருந்தார்."

நாலு வருஷத்தில் நூறு சனிக்கிழமை. பாதி வழியில் வேனை நிறுத்தி, அப்பா, நீங்க நினைச்சது தலைகீழ் என்று சொல்ல நூறு தடவை இடம் இருந்தது.

"இப்ப சொன்னதைக் கோர்ட்டுல சொல்லுவியா?"

"என்னைக் கேட்டா, அப்பா புத்தி தெளிவாத்தான் இருந்தார்னு சொல்லுவேன். அது பொய் இல்லையே."

"இல்ல."

"பாரு மினா, நான் கெட்டவன் இல்ல. எனக்கு வேற ஒண்ணும் மிச்சம் இல்ல, அவ்வளவுதான். உனக்குச் சம்பளம் வருது. பென்ஷன் வரும். நீயே வந்து கையெழுத்துப் போட்டா விஷயம் சுத்தமா முடியும், வாங்கறவனோட வக்கீலும் அதைத்தான் கேக்கறான். உன்னை நீக்கி, என் பேரைப் போட்டுன்னு போனா அவனுக்குச் சந்தேகம் வரும், விலையைக் குறைப்பான். நீ போட்டுக் குடு. ஆறு மாசம் கீழ்த்தளத்துல இருந்துக்கன்னு அவன்கிட்ட எழுதி வாங்கித் தர்றேன்."

"எழுதி."

"எழுதி."

"அதைப் பதிவு பண்ணணும்," என்றாள் பிலோமினா.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்து, அவள் விளையாடவில்லை என்று கண்டு, சரி என்றான். அவள் இறங்கும்போது ரொட்டியில் பாதியைக் காகிதத்தில் சுற்றி நீட்டினான். வாங்கிக்கொண்டாள். கடைக்குள்ளிருந்து பார்த்தவர்களுக்கு, அப்பாவை இழந்த அக்காவும் தம்பியும் ரொட்டியைப் பகிர்ந்துகொண்டதுபோல இருந்திருக்கும்.

அதன்பின் மூன்று வாரம் அவள் ஒவ்வொரு மாலையும் வழக்குப் போடுவதைப் பற்றி யோசித்தாள். ஒவ்வொரு தடவையும் யோசனை ஒரே இடத்தில் வந்து நின்றது. சாட்சிக் கூண்டில் ஏறி, என் அப்பாவுக்கு இது புரியவில்லை என்று சொல்ல வேண்டும். யார் விளக்கினார்கள் என்று எதிர்த்தரப்பு கேட்கும். நான்தான் என்று சொல்ல வேண்டும். உங்களுக்கு இந்தத் தொழிலில் எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்கும். பிறகு பத்திரத்தில் அவள் சேர்க்கச் சொன்ன வரியை எடுத்து உரக்கப் படிக்கச் சொல்லும். அறுபதாயிரம் டாலர் கொடுத்து அதைக் கேட்டுவிட்டு வர வேண்டும்.

மே மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதிவு அலுவலகத்தின் கோடி மேஜையில் உட்கார்ந்து காகிதங்களை முடித்தார்கள். அவள் தினமும் உட்காரும் மேஜைக்கு மூன்று மேஜை தள்ளி. உடன் வேலை செய்பவர்கள் எல்லோரும் அன்று கணினியை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மானோ புதுச் சட்டை போட்டிருந்தான், காலர் பொத்தானைத் திரும்பத் திரும்பத் தடவினான். வாங்குபவர் வரவில்லை. அவருடைய வக்கீல் அலுவலகத்திலிருந்து ஒரு நோட்டரிப் பெண் வந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். நல்ல பெண், ஒவ்வொரு தாளையும் நேர்ப்படுத்தி வைத்தாள்.

ஆறு மாதத்துக்கான ஒப்பந்தத்தை பிலோமினா முதலில் வாங்கி, வரி வரியாகப் படித்தாள். பதிவு எண் விழுந்த பிறகுதான் பேனாவை எடுத்தாள். கிரயப் பத்திரத்தில் தன் முழுப்பெயரை எழுதினாள்.

"உங்க அடையாள அட்டை," என்றாள் நோட்டரி. பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். தன் பகுதியை நிரப்பத் தொடங்கினாள்.

பிலோமினாவின் கண் தானாகவே அங்கே போனது. பழக்கம்.

"இங்க என் பேர் மட்டும் இருக்கு," என்றாள்.

"ஆமா, மேடம்?"

"பேருக்குப் பின்னாடி ‘டிரஸ்டியாக’ன்னு சேர்க்கணும். நான் என் சொந்த ஹோதாவுல போடல. டிரஸ்டோட டிரஸ்டியாப் போடறேன். இப்படியே விட்டா, இருபது வருஷம் கழிச்சு வில்லங்கம் பாக்கிறவங்க கிரயம் செல்லுமான்னு கேள்வி கேப்பாங்க."

ஜெர்மானோ நாற்காலியில் அசைந்தான். இந்தப் பழுதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்பது அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவன் அன்று முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"ரொம்ப நன்றி மேடம்," என்றாள் அந்தப் பெண். சேர்த்து எழுதி, தன் சுருக்கொப்பத்தையும் போட்டாள். "பாதிப் பேருக்கு இது தெரியாது. எனக்கே இப்பதான் தெரியும். ஏன் அப்படிப் போடணும்னு கொஞ்சம் சொல்ல முடியுமா? எங்க ஆபீஸ்ல அடிக்கடி வருது."

பிலோமினாவின் கைகள் மேஜைமேல் அசைந்தன. பிறகு அவற்றை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க வக்கீலைக் கேளுங்க," என்றாள்.

அந்தப் பெண்ணின் முகம் கொஞ்சம் வாடியது. முத்திரையைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் சட்டப்படி கேட்க வேண்டியது நினைவுக்கு வந்து நிறுத்தினாள்.

"இதுல நீங்க விருப்பப்பட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?"

"டிரஸ்டியாக் கேட்டா, ஆமா," என்றாள் பிலோமினா.

நோட்டரி ஒரு நிமிடம் யோசித்தாள். பதில் சட்டப்படி சரியாக இருந்தது. முத்திரையை அழுத்தினாள்.